கேட்டுத் திறந்த வாசல்

சங்குமுனை என்ற கடலோர ஊரில் கடல்செய்தி அறை என்று ஒன்று இருந்தது. அறைக்குள் ஒரு மேசை, மேசைமேல் ஒரு கணினி, அதன் பக்கத்தில் ஒரு மைக். கூரைமேல் நான்கு திசையையும் பார்த்தபடி குழாய் ஸ்பீக்கர்கள். அந்தக் கரையில் காற்றும் அலையும் எப்படி இருக்கப்போகின்றன என்று கணினிக்கு நாள்தோறும் செய்தி வரும். அதை மைக்கில் சொன்னால் கரை முழுக்கக் கேட்கும். கேட்டுவிட்டுத்தான் வள்ளங்கள் கிளம்பும்.

அந்தக் கணினியின் வாசலில் மணியன் நின்றுகொண்டிருந்தான்.

மணியன் ஆள் அல்ல, கணினிக்குள் நுழைய விடும் முதல் திரை. பார்க்க ஒன்றும் இல்லாதவன். சாம்பல் நிறம். பெயர் எழுத ஒரு பெட்டி, கடவுச்சொல் எழுத ஒரு பெட்டி, அவ்வளவுதான் அவன் முகம். ஆனால் அவன் பக்கத்தில் எப்போதும் ஓசை நிற்பாள். திரையில் உள்ளதை வாய்விட்டுச் சொல்வது அவள் வேலை. யாராவது விசையைத் தொட்டதும் மணியன் கேட்பான், "யார்?" ஓசை அதை உரக்கச் சொல்வாள். பெயர் வந்ததும் அவன் அடுத்த கேள்வியைக் கேட்பான்: "எந்த அறைக்கு?"

கணினிக்கு உள்ளே இரண்டு அறைகள், அதாவது இரண்டு வேலைத்திரைகள், இருந்தன. ஒன்று பெரிய கூடம். படமும் நிழலும் மிதக்கும் சாளரங்களுமாக அழகாக இருக்கும், ஆனால் கதவு திறக்க நேரமாகும். இன்னொன்று சின்ன அறை. நான்கு பொத்தான்களும் ஒரு கடல் வரைபடமும்தான் அதில் உண்டு. தட்டியதும் திறந்துகொள்ளும். யாருக்கு எது வேண்டுமோ அதற்கு மணியன் வழி விடுவான்.

அந்தக் கணினி லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடியது. லினக்ஸ் வீடுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசலில் நிற்பவரைக்கூட வீட்டுக்காரர்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். உலகமெங்கும் உள்ள பலபேர் கூடிச் செய்த வாசல்காரர்கள் இணையக் களஞ்சியத்தில் எப்போதும் காத்திருப்பார்கள். கூப்பிட்டால் வருவார்கள். வேண்டாம் என்றால் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒருவர் வந்தால் மற்றவரை அழித்துவிட வேண்டும் என்பதும் இல்லை.

அறைக்குப் பொறுப்பாளர் கஸ்பார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் வந்து மேசையைத் துடைப்பார், திரையைத் துடைப்பார், மைக்குக்குச் சட்டை போட்டுவிடுவார். அவருக்கு அந்த அறைமேல் அவ்வளவு பிரியம். ஒருநாள் தூத்துக்குடியில் ஒரு நண்பர் வீட்டுக் கணினியில் ஒரு வாசல்காரியைப் பார்த்தார். திரை நிறையக் கடல். அலை நுரைக்குமேல் மெல்லிய எழுத்தில் மணி. கீழே வட்டத்துக்குள் ஆட்களின் முகங்கள். முகத்தைத் தொட்டால் கதவு திறக்கிறது.

"அடேயப்பா, இதுல்லா வாசல்!" என்றார் கஸ்பார்.

மறுநாள் காலையிலேயே அவளைக் களஞ்சியத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டார். அவள் பெயர் எழிலி.

*

எழிலி வந்து இறங்கியபோது மணியன் தன் மூலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"என்மேல் கோபமா?" என்று கேட்டாள் எழிலி.

"கோபம் எதற்கு? அவர்கள் வீடு, அவர்கள் விருப்பம்" என்றான் மணியன். "ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வருகிறவர்களிடம் எந்த அறைக்கு என்று கேள். ஆளுக்கு ஆள் மாறும்."

"கேள்வி கேட்பது அவர்களுக்குத் தொந்தரவு இல்லையா?" என்றாள் எழிலி. "என்னிடம் வந்தால் யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. முகத்தைத் தொட வேண்டும், பெரிய கூடத்துக்குப் போக வேண்டும். இரண்டில் நல்ல அறை அதுதானே?"

"நல்ல அறைதான்."

"பிறகென்ன?"

மணியன் சிரித்தான். கஸ்பார் அதற்குள் விசையை அழுத்திவிட்டார். மணியன் தூங்கப் போனான். யாராவது எழுப்பும்வரை ஓசைக்கும் வேலை இல்லை. அவளும் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கஸ்பார் எழிலியைப் பார்த்துப் பார்த்து அலங்கரித்தார். தன் படத்தை வைத்தார். ஊர்த்தலைவர் படத்தை வைத்தார். வள்ளத்துக்காரர் இன்னாசியின் படத்தையும் வைத்தார். முகங்களுக்குக் கீழே பெயர் எழுதும் பெட்டி ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. கடலை மறைக்கிறது என்று அதை எடுத்துவிட்டார். ஓசையை எழுப்பும் பொத்தான் ஒன்று மூலையில் இருந்தது. அதுவும் கண்ணை உறுத்தியது. அதையும் எடுத்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து ஒருதரம் பார்த்தார்.

"ம்ம்ம்" என்றார். அந்த ஒரு சத்தத்தில் எழிலிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஏதோ வேலையாகக் கஸ்பார் தூத்துக்குடி பஸ்ஸைப் பிடிக்கப் போனார். அவர் இல்லாத நேரத்தில் அறைக்குப் பொறுப்பு செய்தி வாசிக்கும் பிலோமினா. சாவி அவளிடம் ஒன்று இருந்தது. கணினியில் கஸ்பாருக்கு உள்ள உரிமை எல்லாம் அவளுக்கும் உண்டு.

*

முற்பகலில் இன்னாசி வந்தார். கைலியில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தவர் தன் முகத்தைத் திரையில் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதென்ன, நான்லா இருக்கேன்!"

தன் மூக்கின்மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்து அழுத்தினார். கதவு திறந்தது. பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தும் வேலை இல்லை. இன்னாசிக்கு ஏக மகிழ்ச்சி. அதைவிட மகிழ்ச்சி எழிலிக்கு.

ஆனால் அவள் அவரைப் பெரிய கூடத்துக்குள் அனுப்பியிருந்தாள். அந்தக் கணினிக்கு வயதாகிவிட்டது. கூடத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்ற அது மூச்சு வாங்கியது. ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகக் கூடம் திறந்தபோது இன்னாசி தேடிய கடல் வரைபடம் அங்கே இல்லை. அது சின்ன அறையில் இருப்பது.

அன்றைக்கு அந்த வரைபடம் அவருக்கு வேண்டியிருந்தது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தாலும் காலையிலிருந்து நீரோட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. தங்குகடலுக்குப் போகிற வள்ளங்கள் பிற்பகலில் கிளம்பி மறுநாள்தான் திரும்பும். அவருடைய வள்ளத்தில் மருமகனும் மற்றவர்களும் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மச்சினன் ராயப்பனின் வள்ளம் அவசரப்பட்டு ஏற்கெனவே நீரில் இறங்கிவிட்டது.

"சரி, பிலோமி வரட்டும். நியூஸைக் கேட்டுக்கிடலாம்" என்று வெளியே வந்து உட்கார்ந்தார்.

பிலோமினா வழக்கமான நேரத்துக்கு வந்தாள். வயது முப்பதுக்குமேல் இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லை. ஆனால் ஊருக்கே அவள் குரல்தான் கடல்செய்தி. செய்தி அவள் பெயரில்தான் வரும். சின்ன அறையில் ஓசை அதை அவள் காதில் படிப்பாள். அவள் அதை மைக்கில் கரைக்குச் சொல்வாள்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு விசையை அழுத்தினாள்.

பதில் இல்லை.

இன்னொரு விசையை அழுத்தினாள். தன் பெயரை எழுதினாள், கடவுச்சொல்லை எழுதினாள், உள்ளே போகும் விசையைத் தட்டினாள். ஒரு சத்தமும் வரவில்லை.

உள்ளே எழிலி திகைத்துப்போய் நின்றாள். எழுத்துகள் மழைபோல வந்து விழுகின்றன. பிடித்து வைக்க அவளிடம் பெட்டி இல்லை. இவள் ஏன் முகத்தைத் தொட மாட்டேன் என்கிறாள்? எழிலி கடலின் நீலத்தைக் கொஞ்சம் கூட்டினாள். நுரையை வெளுப்பாக்கினாள். மணி எழுத்தை மின்னவைத்தாள். வெளியே அந்த முகம் அவள் பக்கம் திரும்பியேதான் இருந்தது. ஆனாலும் அவளை அது பார்க்கவில்லை.

"அண்ணே, கம்ப்யூட்டர் ஓடுதா?" என்று கேட்டாள் பிலோமினா.

இன்னாசி எட்டிப் பார்த்தார். "ஓடுதே தங்கச்சி. கஸ்பாரு வாசலை மாத்திட்டாரு. கடலெல்லாம் போட்டு சோக்காத்தான் இருக்கு."

"பேரு எழுதுற இடம் எங்க இருக்கு?"

"பேரு எழுத வேண்டாமாம். நம்ம படத்தைத் தொட்டாப் போதும்."

"என் படம் இருக்கா?"

இன்னாசி மறுபடி பார்த்தார். குனிந்து பார்த்தார். "கஸ்பாரு இருக்காரு. தலைவரு இருக்காரு. நான் இருக்கேன்" என்றவர் நிறுத்திவிட்டார்.

"நான் இல்ல" என்றாள் பிலோமினா.

அவள் விரல்களை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டாள். தினமும் நுழைகிற வீடு. யாரும் அவளை வராதே என்று சொல்லவில்லை. கதவைச் செய்யும்போது அவள் நினைவு வரவில்லை, அவ்வளவுதான். அது இன்னும் கொஞ்சம் கூடுதலாக வலித்தது.

கரையில் ஒரு வள்ளத்தின் மோட்டார் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

*

பிலோமினா கணினியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். மறுபடியும் எழிலிதான் வந்து நின்றாள். இன்னாசி கஸ்பாருக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. அவர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். இன்னாசியின் போனில் மாவட்டம் முழுவதற்குமான வானிலைச் செய்தி ஒன்று இருந்தது. ஆங்காங்கே காற்று வீசலாம் என்று சொன்னது. ஆங்காங்கே என்றால் எங்கே?

எழிலி மூலைக்கு ஓடினாள்.

"மணியா, எழுந்திரு! ஒரு பெண் வந்திருக்கிறாள். கதவைத் தட்டுகிறாள். என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள்."

மணியன் தூக்கத்திலேயே கேட்டான். "விரல்கள் வேகமாக ஓடுகின்றனவா? ஒரு எழுத்துகூடத் தவறவில்லையா?"

"ஆமாம்."

"அவள் பிலோமினா. அவளுக்குக் கண் தெரியாது. ஓசைதான் அவளுக்கு வழி சொல்வாள்."

எழிலி நின்றுவிட்டாள். கூட்டி வைத்த நீலமெல்லாம் அவள்மேல் கனத்தது.

"அப்படியென்றால் நீ வா. நான் விலகிக்கொள்கிறேன்."

"நீயாக விலக முடியாது. நானாக வரவும் முடியாது" என்றான் மணியன். "நம்மை வைப்பதும் எடுப்பதும் அவர்கள்தான். அந்த உரிமை நம் கைக்கு வந்துவிட்டால் பிறகு இது அவர்கள் வீடு இல்லை."

"அவள் வெளியே நிற்கிறாளே! உள்ளே வராமல் எப்படி நம்மை மாற்றுவாள்?"

மணியன் பதில் சொல்வதற்குள் வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "நான் இருக்கிறேனே."

எழிலி அதுவரை அப்படி ஒருவன் இருப்பதையே அறிந்ததில்லை. அவனுக்கு முகம் இல்லை, நிறம் இல்லை, கடல் இல்லை. வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"நான் பின்வாசல்" என்றான் அவன். "எனக்கு அலங்காரமும் கிடையாது, குரலும் கிடையாது. ஆனால் யார் எழுதினாலும் வாங்கிக்கொள்வேன். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திறப்பேன். அவளுக்கு நினைவு வர வேண்டும்."

வெளியே பிலோமினா கண்ணை மூடித் தலை குனிந்திருந்தாள். இந்த வேலைக்கு வந்த புதிதில் தூத்துக்குடியில் பயிற்சி கொடுத்தவரிடம் அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். ஒருநாள் திரையே வராமல் போனால் நான் என்ன செய்ய? அவர் அவள் விரல்களைப் பிடித்து மூன்று விசைகளின்மேல் வைத்து, பின்பக்கம் ஒரு வழி இருக்கும்மா என்று காட்டியிருந்தார். உள்ளே போய் வாசலை மாற்றுவதற்கான கட்டளையையும் மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார். அதற்குப்பின் அவளுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

அவள் இரண்டு கைகளையும் விரித்து மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினாள்.

"ஐயோ தங்கச்சி!" என்று இன்னாசி எழுந்துவிட்டார். "எல்லாம் கறுப்பாப் போச்சு!"

"எனக்கு எப்பவும் அப்படித்தானண்ணே" என்று பிலோமினா சிரித்தாள். "உக்காருங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

"எனக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்?"

"எழுத்துத் தெரியும்லா?"

எழுத்துத் தெரியும். வள்ளங்களின் பதிவு எண்களைப் படித்துப் படித்து இன்னாசிக்கு ஆங்கில எழுத்துகள் பழக்கம். வெகு தூரம் தள்ளி நிற்கும் வள்ளம் யாருடையது என்று அந்த எழுத்துகளை வைத்துத்தான் சொல்வார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையருகே போனார். "எல்... ஓ... ஜி... ஐ... என்."

"பேரைக் கேக்குது" என்றாள் பிலோமினா. எழுதினாள்.

"இப்ப வேற வந்திருக்கு. பி... ஏ... எஸ்... இன்னொரு எஸ்..."

"போதும், போதும்." கடவுச்சொல்லை எழுதினாள்.

இன்னாசி வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். "ஐ... என்... சி... ஓ... ஆர்... இன்னொரு ஆர்..."

பிலோமினாவின் முகம் மாறியது. "தப்புங்குது." மறுபடி எழுதினாள். மறுபடியும் தப்பு என்றது. அவளுக்குத் தன் விரல்கள்மேல் சந்தேகமே வந்ததில்லை. இப்போது வந்தது. கரையில் இரண்டாவது மோட்டாரும் ஓடத் தொடங்கிவிட்டது.

உள்ளே பின்வாசல் புலம்பினான். "எல்லாமே பெரிய எழுத்தாக வருகிறதே! எனக்குச் சின்ன எழுத்துதானே கொடுத்து வைத்திருக்கிறாள்! குரல் இருந்தால் சொல்லிவிடுவேனே!"

"அண்ணே, கீபோர்டுல ஏதாவது லைட்டு எரியுதா?" என்றாள் பிலோமினா.

இன்னாசி பார்த்தார். "ஒண்ணு பச்சையா எரியுது. இப்ப திரைகிட்ட குனிஞ்சப்ப நான்தான் எதையோ அமுக்கியிருப்பேனோ?"

பிலோமினா இடதுகைச் சுண்டுவிரலால் கேப்ஸ் லாக் விசையைத் தட்டினாள். விளக்கு அணைந்தது. மறுபடி பெயர், மறுபடி கடவுச்சொல். இன்னாசி திரையைப் பார்த்தார்.

"தப்புன்னு வரல. புதுசா ஒரு வரி வந்து நிக்குது. பக்கத்துல கோடு ஒண்ணு மினுக்குது."

அவள் உள்ளே வந்துவிட்டாள். மனத்தில் இருந்த கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். இன்னாசி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொன்னார். ஓரிடத்தில் ஓர் எழுத்து இரண்டுமுறை விழுந்திருந்தது. திருத்தினாள். கடைசியாக ஒரு தட்டு.

எழிலி தன் கடலைச் சுருட்டிக்கொண்டு விலகினாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. மணியன் எழுந்து வந்து வாசலில் நின்றான். ஓசை தலையை முடிந்துகொண்டு அவன் பக்கத்துக்கு ஓடிவந்தாள்.

"யார்?" என்று கேட்டது கணினி.

பிலோமினா பதில் சொல்வதற்குமுன் கையின் பின்புறத்தால் ஒருதரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

*

செய்தி வந்துதான் இருந்தது. அன்று மாலையிலிருந்து சங்குமுனைக் கரைக்கு எதிரே மேற்கிலிருந்து சூறைக்காற்று, ஆளுயரத்துக்கு மேலே அலை, யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று ஓசை படித்தாள். பிலோமினா அதைக் கேட்டுக்கொண்டே மைக்கைத் திருப்பினாள்.

கூரைமேல் இருந்த குழாய்கள் நான்கும் பேசின. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் கீழே வைத்தார்கள். ஓடிக்கொண்டிருந்த மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன. ராயப்பனின் வள்ளம் முகத்துவாரத்தைத் தாண்டப்போகிற இடத்தில் இருந்தது. இன்னாசி மணலில் இறங்கி நின்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிலோமினா மறுபடியும் சொன்னாள். இந்த முறை கடைசியில் தன் குரலிலேயே ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்.

"ராயப்பண்ணே, நீங்க எங்க இருந்தாலும் திரும்புங்க. வீட்டுல தேடுதாங்க."

வள்ளம் கொஞ்ச நேரம் அப்படியே போய்க்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக மூக்கைத் திருப்பியது.

மாலை பஸ்ஸில் கஸ்பார் வந்து இறங்கியபோது காற்று அவர் குடையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. கரையில் எல்லா வள்ளங்களையும் மேடேற்றிக் கட்டியிருந்தார்கள். அறைக்குள் இன்னாசியும் பிலோமினாவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் சாம்பல் நிற மணியன் நின்றான்.

நடந்ததை இன்னாசிதான் சொன்னார். கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிலோமி, உன் படம் என்கிட்ட இல்லம்மா" என்றார். "அவளுக்குப் படம் எதுக்குன்னு நினைச்சேன். அதோட விட்டுட்டேன். நீ எப்படி உள்ள வருவேன்னு நான் யோசிக்கவே இல்ல."

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ணே" என்றாள் பிலோமினா.

"கேட்டிருக்கணும். சரி, இனி இந்தப் பழசே இருக்கட்டும். அந்தப் புதுசை அழிச்சிருவோம்."

உள்ளே எழிலி நடுங்கினாள்.

இன்னாசி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அழிக்கணுமா?" என்று இழுத்தார். "இல்ல, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. என் படத்தைத் தொட்டு உள்ள போனது எனக்கு ரொம்ப சௌகரியமாத்தான் இருந்துச்சு. இந்தப் பழசுல பேரை எழுதி முடிக்கிறதுக்குள்ள எனக்கு வேர்த்துரும். அந்தப் பெரிய ரூமுக்குள்ள கொண்டுபோய்த் தள்ளுனதுதான் பிடிக்கல."

கஸ்பார் பிலோமினாவைப் பார்த்தார். அவள்தான் மறுப்பாள் என்று எதிர்பார்த்தார்.

"எனக்கு இல்லாத வாசல்னு நான் இவ்வளவு நேரம் வருத்தப்பட்டுட்டு, அண்ணனுக்கு இல்லாத வாசலை வைக்கச் சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள் பிலோமினா. "அந்தப் புதுசுல என்னென்ன மாத்த முடியும்னு பாத்தீங்களா?"

"பாத்தேனே. மாத்த முடிஞ்சதாலதானே எல்லாத்தையும் எடுத்தேன்" என்றார் கஸ்பார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மூன்று பேரும் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். வெளியே காற்று கூரை ஓட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போக முடியாத நாள், யாருக்கும் அவசரம் இல்லை. எழிலியை மறுபடி வாசலுக்கு அழைத்தார்கள்.

எழிலி பயந்துகொண்டேதான் வந்தாள். "என்னிடம் குரல் இல்லையே, நான் என்ன செய்ய?" என்று மணியனிடம் கேட்டாள்.

"குரல் என்னுடையது என்று யார் சொன்னது? ஓசை யார் பக்கத்திலும் நிற்பாள். நிற்க இடம் கொடுத்தால் போதும்" என்றான் மணியன். "உன்னைச் செய்தவர்கள் அதற்கு இடம் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். உன் மடிப்புகளைப் பிரித்துப் பார்."

எழிலி பிரித்துப் பார்த்தாள். பெயர் எழுதும் பெட்டி இருந்தது. ஓசையை எழுப்பும் பொத்தான் இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கும் வழி இருந்தது. எந்த அறைக்கு என்று கேட்கும் சின்னப் பட்டியலும் இருந்தது. எங்கோ இருக்கும் யார் யாரோ, சங்குமுனையை ஒருநாளும் பார்க்காதவர்கள், இப்படி ஒருத்தி வரக்கூடும் என்று நினைத்து ஒவ்வொன்றையும் தைத்து வைத்திருந்தார்கள்.

கஸ்பார் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிலோமினா விசையைத் தொட்டுப் பார்த்து, ஓசை வருகிறதா என்று கேட்டாள். வந்தது. "கொஞ்சம் வேகமாப் பேசச் சொல்லுங்கண்ணே, ஞாயித்துக்கிழமைப் பிரசங்கம் மாதிரி இழுக்குது" என்றாள். இன்னாசிக்கு எழுத்துகள் பெரிதாயின. அவர் முகத்தைத் தொட்டால் நேரே சின்ன அறை திறந்தது. பெரிய கூடம் கஸ்பாருக்கு. கடலும் போகவில்லை. கஸ்பார் பார்க்கட்டும் என்று பின்னாலேயே இருந்தது, பெட்டிகளுக்கு வழி விட்டு.

மணியன் மூலைக்குத் திரும்பினான். எழிலி அவனிடம் மெதுவாகக் கேட்டாள், "உனக்கு வருத்தமே இல்லையா?"

"நேற்று என்னைக் கூப்பிட்டார்கள், வந்தேன். இன்று உன்னைக் கூப்பிடுகிறார்கள், நீ நிற்கிறாய்" என்றான் மணியன். "கூப்பிடவும் அனுப்பவும் அவர்களால் முடிகிறது. எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்." சொன்னபடியே தூங்கியும் போனான்.

எழிலி வாசலில் நின்றாள். இப்போதெல்லாம் யார் வந்தாலும் அவள் முதலில் தன் கடலைக் காட்டுவதில்லை. கேட்கிறாள். சிலருக்குக் கண்ணால், சிலருக்குக் காதால்.

சில வாரங்கள் கழித்துப் பக்கத்து ஊரான கீழத்துறையிலிருந்து எமல்டா என்ற பெண்ணும் அவள் கணவரும் வந்தார்கள். அவர்கள் ஊரிலும் ஒரு கடல்செய்தி அறை திறக்கப்போகிறார்களாம். எமல்டா திரையின் முன்னால் நின்று பார்த்தாள். இன்னாசி வந்து தன் மூக்கைத் தொட்டு உள்ளே போய்த் திரும்பினார். பிலோமினா வந்து காதால் கேட்டு உள்ளே போய்த் திரும்பினாள். கஸ்பார் கடலை ரசித்துவிட்டு உள்ளே போய்த் திரும்பினார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் எமல்டா. "எங்களுக்கும் இதையே அப்படியே வச்சுக் குடுத்துருங்கக்கா. இருக்கிறதுலயே நல்ல வாசல் இதுதானே?"

எழிலி காதைத் தீட்டிக்கொண்டாள்.

பிலோமினா பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டி, "உக்காரு எமல்டா" என்றாள். "உங்க ஊர்ல யார் யாரெல்லாம் உள்ள வரணும்? முதல்ல அவங்களைப் பத்திச் சொல்லு."